உள்ளங்கால் தோல்

பத்தொன்பது வருடம் கழித்து அந்தப் படிகளில் மறுபடியும் இறங்கினேன். பதினான்கு படி. நடுவில் ஒன்று உடைந்திருந்தது. நான் மாற்றலாகிப் போனபோதும் உடைந்துதான் இருந்தது. ஆஸ்பத்திரியின் மேல்தளங்களுக்கெல்லாம் வெள்ளையடித்து, லிஃப்ட் வைத்து, வாசலில் கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். சதைத் துண்டுகளைப் பரிசோதிக்கிற எங்கள் பிரிவு மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. நோயாளி வராத இடத்துக்கு எதற்குச் சுண்ணாம்பு என்று விட்டிருப்பார்கள்.

கீழே கால் வைத்ததுமே, துண்டுகள் கெடாமலிருக்கப் புட்டிகளில் ஊற்றுகிற ஃபார்மலின் வாடை மூக்கில் ஏறியது. ஜன்னல் இல்லாத நீண்ட நடை. இரண்டு பக்கமும் அலமாரிகள். கடைசியில் என் அறை. பகல் பதினொரு மணிக்கும் விளக்குப் போட்டால்தான் அங்கே கை தெரியும்.

"வாங்க டாக்டரம்மா. இப்ப எங்களுக்கெல்லாம் நீங்கதான் தலைவி. இனிமே திட்டுனா எழுந்து நின்னு வாங்கிக்கணும்," என்று கத்தி அண்ணன் சிரித்தார்.

அவர் எங்கள் டெக்னீஷியன். தோல் துண்டை மெழுகுக் கட்டிக்குள் பதித்து, சக்கரம் சுற்றுகிற இயந்திரத்தில் பூட்டி, தலைமுடியைவிட மெல்லிய சீவலாகச் சீவி, ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயம் ஏற்றித் தருவார். அதை நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று எழுதுவேன். வெட்டுவதா விடுவதா என்று மேலே இருக்கிற டாக்டர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். முப்பது வருடமாகக் கத்தி பிடித்ததில் அவருடைய சொந்தப் பெயரையே எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

சுவரில் அந்த அட்டை இன்னும் இருந்தது. 'புட்டியின் மூடியில் எழுதக் கூடாது. புட்டியில் மட்டும் எழுதவும்.' என் கையெழுத்து. இதற்காகவே எனக்கு மூடி டாக்டர் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வேலையாக இந்த அட்டையைத்தான் எழுதி மாட்டுவேன். ஏன் இப்படி மூடியைக் கண்டால் பாய்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

முதல் நாளே அண்ணன் ஒரு தாளை நீட்டினார்.

"பழைய மெழுகுக் கட்டிங்கம்மா. பத்து வருஷத்துக்கு மேல வெச்சிருக்க வேண்டாம், எரிச்சுடுங்கன்னு உத்தரவு. கையெழுத்துக்காக மூணு மாசமா கெடக்கு. உங்க காலத்துக் கட்டியும் இதுல இருக்கு. ஒரு தடவை பாத்துட்டுப் போடுறீங்களா?"

நடையின் ஓரத்தில் பதினேழு பெட்டிகள் அடுக்கியிருந்தன. வருடம் எழுதிய பக்கம் என்னைப் பார்த்துத்தான் இருந்தது.

"பாக்க என்ன இருக்கு அண்ணே," என்று சொல்லிவிட்டு இடது கையால் கையெழுத்துப் போட்டேன். நான் இடது கைக்காரி. அடுத்த நாள் பெட்டிகள் போய்விட்டன. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் நாள் அந்த பஸ் டிரைவரின் ஸ்லைடு வந்தது.

ஐம்பத்திரண்டு வயது. வலது முழங்கைக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. தோல் டாக்டர் அதிலிருந்து உளுந்து அளவுக்கு ஒரு துண்டு எடுத்து அனுப்பியிருந்தார். இதெல்லாம் தினமும் பார்க்கிற சமாச்சாரம். டீயைக் குடித்துக்கொண்டே மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.

உள்ளங்கால் தோல் தெரிந்தது.

இதில் தடுமாற இடமே கிடையாது. முதல் வருட மாணவிகூடச் சொல்லிவிடுவாள். கைத் தோலுக்கு மேலடுக்கு மெல்லிசு, கீழே முடி வேர்கள் இருக்கும். உள்ளங்காலுக்கு மேலே காய்த்துப்போன தடித்த அடுக்கு அலையலையாக இருக்கும், தேடினாலும் ஒரு முடி வேர் கிடைக்காது. உடம்பில் அப்படித் தோல் இருப்பது காலடியிலும் உள்ளங்கையிலும் மட்டும்தான். அந்தத் தடித்த அடுக்குக்குக் கீழே கறுப்புச் செல்கள் கூட்டம் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன. நிறம் தருகிற செல்களில் வருகிற புற்றுநோய் அது, தோலில் வருவதிலேயே பொல்லாதது.

"அண்ணே, இங்க வாங்க. யாரோட ஸ்லைடை மாத்தி ஒட்டுனீங்க?" குரல் என்னை மீறி உயர்ந்துவிட்டது.

அவர் புட்டியைக் கொண்டுவந்தார். எண் புட்டியின் வயிற்றில் எழுதியிருந்தது. மெழுகுக் கட்டியிலும் அதே எண், ஸ்லைடிலும் அதே எண்.

"அன்னைக்குக் கால் துண்டே ஒண்ணும் வரலம்மா. இது வெண்ணெய் மாதிரி சீவிச்சு. கால் தோலா இருந்தா கத்தி இந்நேரம் பல்லு போயிருக்கும்," என்றார்.

அது உண்மைதான். உள்ளங்கால் தோல் கத்தியைத் தின்றுவிடும். எந்த இடத்துத் தோல் என்று கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றியே அவர் சொல்லிவிடுவார்.

மறுபடி சீவச் சொன்னேன். கூடவே நின்று பார்த்தேன். புதிய ஸ்லைடிலும் அதே தடித்த அடுக்கு, அதே கறுப்புக் கூட்டம். மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தினேன்.

ஓரத்தில் இரண்டு கீறல்கள் இருந்தன.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய துண்டாக வந்தால், எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்று பிறகு தெரிவதற்காக ஓரத்தில் பிளேடால் ஒரு கீறல் போடுவோம். வலது கைக்காரர்கள் போடுவது ஒரு பக்கம் சாயும். என்னுடையது எதிர்ப்பக்கம் சாயும். இந்த இரண்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. ஒன்று வழுக்கி, பக்கத்திலேயே இன்னொன்று. டிரைவரின் துண்டுக்கு நான் கீறலே போடவில்லை. உளுந்தில் எங்கே கீறுவது?

வாழ்க்கையில் ஒரே ஒரு துண்டில்தான் எனக்கு அப்படி இரண்டு முறை கை வழுக்கியிருக்கிறது.

கடக். கடக். கடக். கடக்.

அண்ணன் பக்கத்து அறையில் சக்கரம் சுற்றுகிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாம் என்று எட்டிப் பார்த்தேன். இயந்திரத்துக்கு உறை போட்டிருந்தது. அவர் டீ குடிக்க மேலே போயிருந்தார். அறையில் ஃபார்மலினையும் மீறித் தையல் மிஷின் எண்ணெய் வாடை அடித்தது.

அந்தத் துண்டு யாருடையது என்று இப்போது சொல்லத்தான் வேண்டும்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை, இரண்டு புட்டிகள் வந்தன. இரண்டும் உள்ளங்கால் துண்டுகள். ஒன்று ஒரு தபால்காரருடையது, இன்னொன்று துணி தைக்கிற ஒரு அம்மாவுடையது. தையல்காரம்மா என்றுதான் வார்டில் எல்லோரும் சொன்னார்கள். மிஷின் மிதித்து மிதித்துக் கால் கன்றிவிட்டது என்று ஒரு வருடம் பேசாமல் இருந்துவிட்டு வந்தவர்.

அன்று என் தங்கச்சியைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட வேண்டும். இரண்டு மணிக்கு பஸ். அவள் பெட்டியோடு வெளி நடையில் உட்கார்ந்து, "அக்கா, பஸ் போயிடும்கா" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அவசரத்தில் இரண்டு புட்டிகளையும் ஒன்றாகத் திறந்தேன். துண்டுகளை வெளியே எடுத்துக் கீறலைப் போட்டேன். ஒன்றில் கை வழுக்கியது. திரும்பப் போட்டு மூடினேன். எண்கள் மூடியில் எழுதியிருந்தன. அப்போது எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

இரட்டைக் கீறல் விழுந்த துண்டில் புற்றுநோய் இருந்தது; மூடியில் இருந்த எண்படி அது தபால்காரருக்கு என்று எழுதினேன். ஆழம் முக்கால் மில்லிமீட்டர். கறுப்புச் செல்கள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கின்றன என்பதில்தான் உயிரே இருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் வெட்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். தையல்காரம்மாவுக்குச் சாதாரண மச்சம், பயமில்லை என்று எழுதினேன்.

தபால்காரரின் குதிகாலை அகலமாக வெட்டி எடுத்தார்கள். அந்தத் துண்டும் என்னிடம்தான் வந்தது. அதில் நோயே இல்லை. சில சமயம் முதல் துண்டிலேயே எல்லாம் வந்துவிடும், மிச்சம் இருக்காது. ஆகவே 'மிச்ச நோய் இல்லை' என்று எழுதினேன். எழுதும்போதே உள்ளே ஏதோ ஒன்று உறுத்தியது. இரண்டு மூடிகள் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தது ஞாபகம் வந்தது; எது எந்தப் புட்டிக்குப் போனது என்பது ஞாபகம் வரவில்லை. ஞாபகத்தைத் தள்ளிவிட்டு அடுத்த ஸ்லைடை எடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து அந்த அம்மா படி இறங்கி வந்தார். நோயாளிகள் யாரும் அங்கே வருவதில்லை. ஒரு காலை இழுத்து இழுத்து வந்து, கதவு நிலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். தொடை இடுக்கில் கட்டி வந்துவிட்டது.

"நீங்கதானேம்மா பாத்தீங்க? ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருந்தீங்க. இப்ப வேற என்னமோ சொல்றாங்க. இன்னொரு தடவை பாருங்கம்மா. அவசரமில்லை, நான் இருக்கேன்."

கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. என்னை நம்பித்தான் கேட்டார். பார்க்கிறேன் என்றேன். வாசலில் ஒரு மணி நேரம் நின்றார். நான் உள்ளே தலையைக் குனிந்துகொண்டு வேறு எதையோ பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு மெழுகுக் கட்டிகளும் எட்டுகிற தூரத்தில், இரண்டாவது அலமாரியில் இருந்தன. எடுக்கவில்லை. பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். நாளைக்கு வாங்க என்று அனுப்பினேன். அந்த நாளை வரவே இல்லை. இரண்டு மாதத்தில் அவர் போய்விட்டதாக வார்டில் சொன்னார்கள். நான் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டேன்.

இப்போது பார்க்கலாம் என்றால் மெழுகுக் கட்டி இல்லை. பெட்டிகளைப் பற்றிக் கேட்டபோது அண்ணன் என்னை வினோதமாகப் பார்த்தார். "அதெல்லாம் அன்னைக்கே சாம்பலாயிடுச்சேம்மா. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

டிரைவருக்குப் பிறகு ஒரு பாட்டு டீச்சரின் கன்னத்துத் துண்டு வந்தது. அதிலும் உள்ளங்கால் தோல், அதே இரட்டைக் கீறல். அடுத்து ஒரு சின்னப் பெண்ணின் தோள்பட்டை. அதிலும் அதேதான்.

ஒரே ஒரு மாற்றம் இருந்தது. ஆழம்.

டிரைவருடையதில் முக்கால் மில்லிமீட்டர். டீச்சருடையதில் ஒன்றரை. பெண் குழந்தையுடையதில் இரண்டே கால். வாரத்துக்கு வாரம் கறுப்பு கீழே இறங்கியது. அந்த அம்மாவின் காலுக்குள், யாரும் பார்க்காத எட்டு மாதத்தில், அது எப்படி இறங்கியதோ அப்படியே எனக்குக் காட்டப்பட்டது.

ஸ்லைடுகளை என் சிநேகிதிக்கு அனுப்பினேன். கூடப் படித்தவள், வேறொரு ஆஸ்பத்திரியில் இதே வேலை. கண்ணாடி தடிமனைப் பார்த்துச் சோடாபுட்டி என்று நாங்கள் வைத்த பெயர் இன்றைக்கும் போகவில்லை. அவள் போனில் சிரித்தாள்.

"என்னடி, இதையெல்லாம் எனக்கு அனுப்பிட்டிருக்கே? டிரைவருக்கு வெறும் அரிப்புத் தடிப்பு. டீச்சருக்கு மங்கு. குழந்தைக்கு மச்சம். உனக்கென்ன ஆச்சு?"

"கால் தோல் மாதிரி தெரியலையா உனக்கு?"

"கன்னத்துல கால் தோலா? நீ போய் மொதல்ல கண்ணைக் காட்டு."

காட்டினேன். கண் டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, உங்கள் கண் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்றார். அதிலிருந்து தோல் ஸ்லைடுகளை நான் பார்ப்பதில்லை. எல்லாம் அவளுக்கே போயின. நோயாளிகள் யாருக்கும் என்னால் கெடுதல் வரவில்லை. பார்க்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அதுதான் எனக்குப் பழகிய வழியாயிற்றே. ஆனால் கடக் கடக் சத்தம் மட்டும் பகலெல்லாம் நடையில் கேட்டுக்கொண்டிருந்தது. அலமாரிகளுக்குப் பின்னால் ஒருவர் பொறுமையாக மிதித்துக்கொண்டிருந்தார்.

இப்படி ஒரு மாதம் ஓடியது. அப்புறம் பாப்பா தன் கையைக் காட்டினாள்.

பாப்பா என்றால் என் தங்கச்சிதான். முப்பத்தேழு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வகுப்பே நடுங்கும், எனக்கு இன்னும் பாப்பா. அம்மா போனபோது அவளுக்கு நாலு வயது. நான்தான் தலை வாரி, சோறு ஊட்டி, அடித்து, அழவிட்டு வளர்த்தேன். ஆனாலும் ஒருநாள்கூட என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை. அக்கா, வா, போ, நீ, அவ்வளவுதான். எனக்கென்று உலகத்தில் இருப்பது அவள் ஒருத்தி.

இடது முன்கையின் உள்பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்குச் சாம்பல் கறுப்பில் ஒரு திட்டு.

"எப்ப வந்துச்சு?"

"ஒரு மாசம் இருக்கும். பேனா மைன்னு நெனச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிச்சேன். போகல. ஏன்கா மூஞ்சி இப்படி ஆகுது உனக்கு? இத்தனூண்டு கறைக்கு."

அடுத்த நாள் காலையிலேயே தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். துண்டு எடுத்தார். புட்டியில் நானே எழுதினேன். வயிற்றில், பென்சிலால், இரண்டு தடவை. மூடியைத் தொடவே இல்லை. கையில் வைத்துக்கொண்டே படி இறங்கி அண்ணனிடம் கொடுத்தேன்.

மறுநாள் மதியம் ஸ்லைடு வந்தது. அண்ணன் அதை உடனே தரவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க பாக்க வேண்டாம்மா. உங்க சிநேகிதிக்கே அனுப்பிடலாம்."

"என் தங்கச்சி அண்ணே. ஒரு தடவை பாக்குறேன்."

"இன்னொண்ணு சொல்லணும். கைத் தோல்னு எழுதியிருக்கீங்க. ஆனா சீவும்போது ரொம்ப முரண்டு பிடிச்சுது. ரெண்டு கத்தி போச்சு. கால் தோல்தான் இப்படிக் கத்தியைத் தின்னும்."

காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை. நான் அதற்குள் கண்ணை வைத்துவிட்டேன்.

தடித்த அடுக்கு இல்லை.

இரட்டைக் கீறல் இல்லை.

கறுப்பே இல்லை.

மெல்லிய மேலடுக்கு. கீழே அழகாக வரிசையாய் முடி வேர்கள். கொஞ்சம் கூடுதலாக நிறம், அவ்வளவுதான். என் பாப்பாவின் சுத்தமான, சாதாரண கைத் தோல். இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் உண்மையான தோல் அது. மேஜையில் தலையை வைத்து அழுதேன். நடையில் சத்தம் நின்றிருந்தது. எண்ணெய் வாடையும் இல்லை. அந்த அம்மா என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். என் தங்கச்சிக்காக மன்னித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"அனுப்பட்டுமாம்மா?" என்றார் அண்ணன்.

"வேண்டாம் அண்ணே. எனக்கே தெளிவாத் தெரியுது."

சாதாரண மச்சம், பயமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாப்பாவுக்குப் போன் செய்து, "ஒண்ணும் இல்லை, போய்க் கணக்குச் சொல்லிக் குடு," என்றேன். "இதுக்குத்தான் அவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணியா?" என்று கேலி செய்தாள். அதன் பிறகு வந்த ஸ்லைடுகள் எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தன. கன்னத்தில் கன்னம் தெரிந்தது, தோளில் தோள் தெரிந்தது. நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

நாலு மாதம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி காயப்போடக் கையைத் தூக்கிய பாப்பா அப்படியே நின்றாள். "அக்கா, அக்குள்ல என்னமோ உருளுது பாரேன்."

தொட்டேன். நெல்லிக்காய் அளவு. கல் மாதிரி இருந்தது.

கட்டியில் ஊசி போட்டு எடுத்ததை மேலே இருப்பவர்கள் நேராகச் சோடாபுட்டிக்கு அனுப்பினார்கள். கூடவே அந்தப் பழைய கை ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்துப் பகல் பன்னிரண்டு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"உக்காந்திருக்கியா?"

"சொல்லு."

"கட்டியில இருக்கு. பரவியிருக்கு." மூச்சு விடுவது கேட்டது. "அந்த மொதல் ஸ்லைடு, அதை நீதான் பாத்தியா? நீயே பாத்து மச்சம்னு எழுதுனியா?"

"ஆமா. மச்சம்தானே?"

"அதுல முழுக்க இருக்குடி. நாலு மில்லிமீட்டர் ஆழம். ஒரு மாணவி காட்டினாக்கூடச் சொல்லுவா. இன்னொண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதே. இது யார் காலு?"

அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"கைன்னு எழுதியிருக்கே. ஆனா இது உள்ளங்கால் தோல். ஓரத்துல ரெண்டு கீறல் இருக்கு. இடது கைக்காரி போட்டது."

ரிசீவரை வைத்ததும் விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது.

நடையில் மிஷின் ஓட ஆரம்பித்தது.

ஸ்லைடைத் திரும்ப வாங்கினேன். அண்ணனைப் பார்க்கச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து நின்று, "கால் தோலும்மா. நான் அன்னைக்கே கத்தியில கண்டேன்," என்றார். தோல் டாக்டர் பார்த்தார். மாணவர்கள் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரிந்தது. நான் கண்ணை வைத்தேன். மெல்லிய மேலடுக்கு, வரிசையாய் முடி வேர்கள், சுத்தமான கைத் தோல். மறுபடி துண்டு எடுத்தார்கள். அந்தத் துண்டில் அவர்கள் யாருக்கும் கால் தோல் தெரியவில்லை. நோய் மட்டும் தெரிந்தது, கை நிறையத் தெரிந்தது. எனக்கு அதுகூடத் தெரியவில்லை. என் கண்ணுக்கு என் தங்கச்சி இன்றைக்கும் நல்லபடியாக இருக்கிறாள்.

அன்றைக்கு அண்ணன் சொன்னதைக் கேட்டிருந்தால் நாலு மாதம் மிச்சமாகியிருக்கும். கத்தி சொன்னதை நம்பாமல் கண்ணை நம்பினேன். இதை எத்தனை தடவை சொல்லி அழுதாலும் அந்த நாலு மாதம் திரும்பி வராது.

பாப்பாவுக்கு இப்போது வாரம் ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள். பலிக்கவில்லை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

நேற்று பகல் மூன்று மணிக்கு வார்டிலிருந்து தானாகவே படி இறங்கி வந்தாள். பதினான்கு படி எப்படி இறங்கினாளோ தெரியாது. உள்ளே வரவில்லை. கதவு நிலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பாதி உடம்பாக இளைத்திருந்தாள்.

"ஏன் பாப்பா இறங்கி வந்தே? கூப்பிட்டா நான் வரமாட்டேனா? வா, வந்து உக்காரு."

"பரவாயில்லைக்கா. ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீதானே பாத்தே? ஒண்ணும் இல்லைன்னு சொன்னியே."

"ஆமா பாப்பா."

"நீ தப்பாப் பாக்க மாட்டே. அவங்க எல்லாரும்தான் எதையோ மாத்திச் சொல்றாங்கன்னு எனக்குத் தோணுது. இன்னொரு தடவை பாரேன்."

இவள் ஒருத்திதான் இன்னும் என்னை நம்புகிறாள். இழுப்பறையிலிருந்து ஸ்லைடை எடுத்து வைத்தேன். இரண்டு தடவை நழுவியது. குனிந்து கண்ணை வைத்தேன்.

கடக். கடக். கடக். கடக்.

இந்தத் தடவை சத்தம் நடையிலிருந்து வரவில்லை. மிகப் பக்கத்தில் கேட்டது. மிஷின் எண்ணெய் வாடை தொண்டை வரைக்கும் இறங்கியது. கண்ணுக்குக் கீழே சுத்தமான கைத் தோல், வரிசையாய் முடி வேர்கள்.

தலையை நிமிர்த்தினேன். சத்தம் நின்றது.

பாப்பா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். வலது கால் மட்டும் வாசல்படியில் இருந்தது. குதிகால் ஊன்றி, முன்பாதம் தூக்கினபடி. அவள் ஆயுளில் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் இல்லை. ஊசியில் நூல் கோக்கக்கூட என்னிடம்தான் வருவாள்.

"என்ன தெரியுது?" என்று கேட்டாள்.

மறுபடியும் குனிந்தேன். முன்பாதம் இறங்குகிற சத்தம் கேட்டது, பிறகு குதிகால், பிறகு முன்பாதம்.

"நல்லாப் பாருங்கம்மா," என்றாள். "அவசரமில்லை. நான் இருக்கேன்."